புத்தகத்துக்கும் வேண்டும் ஒரு பிறப்புப் பத்திரம்!



உங்கள் வீட்டில் ஒரு தகர டப்பா இருக்கும். பிஸ்கட் டப்பாவாக இருக்கலாம், பழைய மைலோ டப்பாவாகவும் இருக்கலாம். அதற்குள் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம், தடுப்பூசிக் கார்டு எல்லாம் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். வெள்ளம் வந்தாலும் நெருப்புப் பிடித்தாலும் அம்மாக்கள் முதலில் தூக்குவது அந்த டப்பாவைத்தான்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பத்திரம் இல்லாமல் பட்ட பாட்டை நம் தோட்டத்துச் சனங்களைப்போல் அறிந்தவர் யார்? இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே பால் மரம் வெட்டி, காட்டுவதற்கு ஒரு தாள் இல்லாத காரணத்தால் சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளியவர்கள் நம்மில் எத்தனை பேர்! 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் வாங்கவேண்டும் என்றான போது, கைநிறைய வேலை தெரிந்தும் கையில் தாள் இல்லாமல் திகைத்து நின்ற குடும்பங்கள் எத்தனை! ஆள் கண்ணெதிரே நிற்கிறார். ஆனால் ஏட்டில் அவர் இல்லை.

புத்தகத்துக்கும் இதே கதைதான் என்றால் நம்புவீர்களா? பள்ளிக்கூட அலமாரியில் புத்தகம் இருக்கும். ஆனால் ஏட்டில் இருக்காது. ஏட்டில் இல்லாத புத்தகம் எந்தப் பிள்ளையின் கைக்கும் போகாது. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். நூலகத்தைப் பொறுத்தவரை, ஏட்டில் ஏறாத சுரைக்காயும் கறிக்கு உதவுவதில்லை!

செக்ரோலில் பெயர் இல்லாத ஆள்

அலோர் காஜா மாவட்டத்தில் உள்ள நம் ரெம்பியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேயோ, காடெக், கெமுனிங், தெபோங், புலாவ் செபாங் பக்கத்திலோ ஒரு தமிழ்ப் பள்ளிக்கு ஒரு புரவலர் அறுநூறு புத்தகங்களை வாங்கி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு பெட்டிகள் வந்து இறங்குகின்றன. படம் எடுத்தாயிற்று, மாலை போட்டாயிற்று, நன்றியும் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகு?

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து கேட்கிறாள்.

"டீச்சர், தூக்கணாங்குருவியைப் பத்திப் புத்தகம் இருக்குங்களா?"

"இருக்கும்மா... எந்தப் பெட்டியில இருக்குன்னுதான் தெரியலை. அடுத்த வாரம் பார்த்துத் தரேன்."

அடுத்த வாரம் சோதனை வருகிறது. அதற்கடுத்த வாரம் விளையாட்டுப் போட்டி. தூக்கணாங்குருவி பெட்டிக்குள்ளேயே கூடு கட்டிக்கொள்கிறது. சிறுமியும் மறந்து விடுகிறாள். டீச்சர்மீது பழி போட வேண்டாம். நம் பள்ளிகளில் நூலகப் பொறுப்பாசிரியர் பெரும்பாலும் வகுப்பும் எடுத்துக்கொண்டுதான் இந்த வேலையையும் பார்க்கிறார்.

தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். காலையில் பெரட்டுக் களத்தில் ஐம்பது பேர் நிற்கிறார்கள். கிராணியிடம் செக்ரோல் இல்லையென்றால் என்ன ஆகும்? எவர் வந்தார், எவர் வரவில்லை, எவருக்கு எந்த நிரை, எவருக்கு எத்தனை நாள் சம்பளம் என்று ஒன்றுமே தெரியாது. ஐம்பது பேர் நின்றும் வேலை நடக்காது. நூலகத்தின் செக்ரோலுக்கு நூற்பட்டியல் என்று பெயர். அதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய வரியைப் பதிவு என்பார்கள்.

பதிவில் என்ன இருக்கும்?

பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த நாள், பிறந்த இடம், எண் ஆகியவை இருக்கின்றன. புத்தகப் பதிவும் கிட்டத்தட்ட அப்படியேதான். நூலின் பெயர், எழுதியவர் பெயர், எத்தனையாவது பதிப்பு, எங்கே எந்தப் பதிப்பகம் எந்த ஆண்டில் வெளியிட்டது, எத்தனை பக்கம், படம் உண்டா, எந்தப் பொருளைப் பற்றியது, எந்த வகை எண், எந்த அடையாள எண் என்பவை அதில் இருக்கும்.

வகை எண் என்பது வீட்டு முகவரிபோல. மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட முறையைத்தான் உலகத்துப் பள்ளி நூலகங்களில் பல இன்றும் பின்பற்றுகின்றன. அறிவு முழுவதையும் பத்துப் பெரிய பிரிவுகளாக்கி, அவற்றை மேலும் மேலும் பிரித்து எண் கொடுத்தார்கள். தமிழ் மொழிக்கு 494.811. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. வயல் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 633. நீங்கள் வியர்வை சிந்தி வளர்த்த ரப்பர் மரத்துக்கும் அந்த 633க்குள்தான் இடம். மலாக்காவில் இருந்தாலும் மதராசில் இருந்தாலும் இந்த முறையில் அடுக்கிய அலமாரியில் 633ஐத் தேடிப் போனால் பயிர்த் தொழில் புத்தகங்கள் நிற்கும்.

புத்தகத்துக்கு மட்டும்தான் பதிவு என்று நினைக்காதீர்கள். நாட்டுப்படம், கணித விளையாட்டுப் பெட்டி, ஒலித்தட்டு, ஒளித்தட்டு, மின்னூல் ஆகிய எல்லாவற்றுக்கும் பதிவு போடலாம், போடவும் வேண்டும். பள்ளி நூலகத்தை மலாயில் 'புசாட் சும்பர்', அதாவது வள மையம் என்று அழைப்பதன் பொருளே இதுதான்.

ஒருவர் எழுத, ஆயிரம் பேர் பயன்பெற

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு புத்தகத்துக்குப் பதிவு எழுத, பழக்கமில்லாத ஓர் ஆசிரியருக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுநூறு புத்தகத்துக்கு 150 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் 75 வாரம், ஏறக்குறைய இரண்டு பள்ளி ஆண்டுகள்! அதற்குள் தூக்கணாங்குருவி கேட்ட சிறுமி ஆறாம் வகுப்பை முடித்துக்கொண்டு இடைநிலைப் பள்ளிக்குப் போயிருப்பாள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அதே புத்தகம் இன்னும் நூறு பள்ளிகளில் இருக்கிறது. நூறு ஆசிரியர்கள் நூறு இடத்தில் உட்கார்ந்து அதே பதிவை எழுதுவானேன்? ஒருவர் நன்றாக எழுதி வைத்தால் மற்றவர்கள் வாங்கிக்கொள்ளக் கூடாதா?

இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தில் உள்ள காங்கிரஸ் நூலகம், தான் அச்சடித்த நூற்பதிவு அட்டைகளை 1901இல் மற்ற நூலகங்களுக்கும் விற்கத் தொடங்கியது. ஊர் நூலகங்கள் வேண்டிய அட்டையைக் குறித்துத் தபாலில் கேட்டால், அச்சடித்த அட்டைகள் தபாலில் வரும். வாங்கி இழுப்பறையில் செருகிக்கொள்ள வேண்டியதுதான். இந்த வியாபாரம் 1997 வரை நடந்தது.

1960களின் பிற்பாதியில் அதே நூலகத்தில் ஹென்ரியெட் அவ்ரம் என்ற அம்மையார் முன்னின்று, கணினி படிக்கக்கூடிய பதிவு முறை ஒன்றை உருவாக்கினார். 'மார்க்' என்று அதற்குப் பெயர். அந்த முறையில் பதிவின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் உண்டு. 100 என்றால் ஆசிரியர், 245 என்றால் நூலின் பெயர், 650 என்றால் பொருள். எந்த நாட்டுக் கணினியும் 245ஐக் கண்டால் 'இது நூலின் பெயர்' என்று புரிந்துகொள்ளும். கங்காணி மாறினாலும் மரத்தில் அடித்த நம்பர் மாறாததுபோல!

ஆஸ்திரேலியாவில் பள்ளிகளுக்கென்றே 1984இல் ஒரு கூட்டுப் பதிவுச் சேவையைத் தொடங்கினார்கள். இன்றும் அது நடக்கிறது. பள்ளி ஆசிரியர் புத்தகத்தின் எண்ணைக் கொடுத்துப் பொதுப்பட்டியலில் தேடுகிறார். பதிவு கிடைத்தால் தம் பள்ளிக்கு வேண்டுமென்று குறிக்கிறார். பெட்டி பெட்டியாக வந்த புத்தகங்களின் பதிவுகள் மொத்தமாகப் பள்ளிக் கணினியில் இறங்கிவிடுகின்றன. கடைக்குப் போய்ச் சாமான் பட்டியல் கொடுப்பதுபோலத்தான். வாங்குவது மட்டும் அரிசி பருப்பு அல்ல, புத்தகத்தின் பிறப்புப் பத்திரம்.

ஒரு பதிவைத் தேடி எடுத்து, சரிபார்த்து, சேர்த்துக்கொள்ள இரண்டு நிமிடம் என்று கொள்ளுங்கள். அறுநூறு புத்தகத்துக்கு இருபது மணி நேரம். 75 வாரத்து வேலை பத்து வாரத்தில் முடிந்துவிடும்!

சீர்காழியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார்

இந்தத் துறையில் உலகமே தலைவணங்கும் ஒருவர் நம் தமிழர் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்கள்தான் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். முதலில் அவருக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அறையில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, பழையபடி வகுப்பறைக்கே அனுப்புங்கள் என்று கேட்டாராம். "முதலில் இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வாரும், பிறகும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்வோம்" என்ற பொருளில் பதில் வந்தது. போனார். ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தார். திரும்பி வந்தவர் வகுப்பறைப் பேச்சையே எடுக்கவில்லை.

1931இல் அவர் வகுத்துச் சொன்ன ஐந்து விதிகள் இன்று உலகெங்கும் நூலக மாணவர்களுக்குப் பாடம். அவற்றின் சாரம் மிக எளிது. புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, படிப்பதற்கு. படிக்க வருகிறவர் எவராயினும் அவருக்கேற்ற நூல் ஒன்று உண்டு. எந்த நூலுக்கும் எங்கோ ஒரு வாசகர் காத்திருக்கிறார். அந்த இருவரையும் நேரம் வீணாகாமல் சேர்த்து வைப்பதே நூலகத்தின் கடமை. அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகங்கள் போயின.

அவர் இன்னொன்றும் சொன்னார். புத்தகம் வெளிவந்த பிறகு ஆளாளுக்குப் பதிவு எழுதிக்கொண்டிருப்பதைவிட, அது அச்சகத்தில் கருவாய் இருக்கும்போதே பதிவை எழுதி, புத்தகத்தோடு சேர்த்தே பிறக்கச் செய்யலாம் என்றார். பிள்ளை பிறக்கும்போதே பத்திரமும் கையில் இருப்பதுபோல!

கையில் வெண்ணெய் இருக்கிறது

அந்த எண்ணம் இன்று நம் நாட்டிலும் நடைமுறையில் இருக்கிறது. மலேசியாவில் அச்சான ஒரு நல்ல புத்தகத்தை எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தேசிய நூலகத்தின், அதாவது பெர்புஸ்தாக்காஆன் நெகாரா மலேசியாவின் பெயரைப் போட்டு, கீழே சில வரிகள் அச்சாகியிருக்கும். பல நூல்களில் நூலாசிரியர், நூற்பெயர், பொருள், வகை எண் எல்லாம் அங்கே இருக்கும். பதிப்பகத்தார் அச்சுக்கு முன்பே விவரம் அனுப்பி, தேசிய நூலகம் தயாரித்துக் கொடுத்த பதிவு அது. அந்த வரிகளைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளலாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

அந்தப் பக்கத்திலோ பின் அட்டையிலோ ஐ.எஸ்.பி.என். என்ற எண்ணும் இருக்கும். 13 இலக்கங்கள். 2007க்கு முன் வந்த நூல்களில் பத்து இலக்கம்தான். இந்த எண்ணைப் புத்தகத்தின் ஐ.சி. நம்பர் என்று சொல்லலாம். 978க்கு அடுத்து 967, 983, 629 என்று வந்தால் மலேசியா. 81, 93 என்று வந்தால் இந்தியா.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கைக் கணக்கு. 9780306406157 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கத்தை 1ஆலும், இரண்டாவதை 3ஆலும், மூன்றாவதை 1ஆலும், நான்காவதை 3ஆலும் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். முதல் பன்னிரண்டு இலக்கத்துக்கு 93 வரும். கடைசி இலக்கம் 7. கூட்டினால் 100, பத்தால் மீதியின்றி வகுபடும். வகுபடாவிட்டால் எண்ணை எங்கேயோ தப்பாக எழுதியிருக்கிறோம் என்று பொருள். தப்பை அந்தக் கடைசி இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் உள்ள புத்தகங்களை எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெருக்கல் வாய்ப்பாடும் மறக்காது!

தேடும் முறை

பொதுப்பட்டியலில் தேட உட்காரும் ஆசிரியருக்கும், துணைக்குப் போகும் பெற்றோருக்கும், மூத்த மாணவருக்கும் சில சொல்வேன்.

முதலாவது, எண் இருந்தால் எண்ணை வைத்தே தேடுங்கள். இப்போதெல்லாம் கைப்பேசியையே கோட்டு அடையாளத்தின்மேல் காட்டினால் எண்ணைப் படித்துவிடுகிறது.

இரண்டாவது, எண் இல்லாத பழைய நூல் என்றால் நூற்பெயர் முழுவதையும் தட்டவேண்டாம். ஒரு எழுத்துப் பிசகினாலும் கிடைக்காமல் போகும். பெயரில் உள்ள அபூர்வமான ஒன்றிரண்டு சொற்கள் போதும்.

மூன்றாவது, எழுத்துச் சங்கடம். பல பட்டியல்களில் தமிழ் நூலின் பெயர் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. திருக்குறளின் முதல் எழுத்தை ஒருவர் 'டி' மட்டும் போட்டு எழுதுவார், ஒருவர் பக்கத்தில் 'எச்' சேர்ப்பார். 'ழ'வுக்கு நாம் 'இசட்-எச்' போடுகிறோம். நூலகத்தாரோ 'எல்' எழுத்தின் கீழே ஒரு கோடு போடுகிறார்கள். ஆகையால் ஒரு விதத்தில் கிடைக்காவிட்டால் "இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாக ஒரு தடவை என்று தேடிப் பாருங்கள்.

நான்காவது, ஆசிரியர் பெயர். மு. வ. என்றாலும் மு. வரதராசன் என்றாலும் ஒருவரே. கல்கி என்றாலும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்றாலும் ஒருவரே. நல்ல பட்டியலில் ஒரு பெயரில் தேடினால் மற்றப் பெயரையும் 'பார்க்க' என்று கைகாட்டி விடுவார்கள். அந்தக் கைகாட்டி இல்லாத பட்டியலில் நாம்தான் எல்லாப் பெயரையும் நினைவில் வைத்துத் தேட வேண்டும்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். பதிவு கிடைத்ததும் "ஆ, கிடைத்துவிட்டது!" என்று அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். ஒரே தோட்டத்தில் இரண்டு முனியாண்டி இருந்தால் எப்படிப் பிரிக்கிறோம்? தகப்பனார் பெயரைக் கேட்கிறோம் அல்லவா? அதுபோல, திருக்குறள் என்று தேடினால் பட்டியலில் பக்கம் பக்கமாக வரும். உங்கள் கையில் இருப்பது பரிமேலழகர் உரையா, மு. வ. உரையா, சிறுவர்க்கான பதிப்பா? பதிப்பகம் எது? ஆண்டு எது? பக்கம் எத்தனை? கையில் உள்ள புத்தகத்தையும் திரையில் உள்ள பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். ஒருவன் பிறப்புப் பத்திரத்தை இன்னொருவனுக்குக் கொடுத்தால் எத்தனை வில்லங்கமோ, அத்தனை வில்லங்கம் இதிலும் உண்டு.

நம் நூல்கள் எங்கே?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலப் புத்தகத்துக்கும் மலாய்ப் புத்தகத்துக்கும் தேடினால் பதிவு சட்டென்று கிடைக்கும். நம் தமிழ்ப் புத்தகங்களுக்கு, அதிலும் இந்த நாட்டிலேயே எழுதி, சிறிய அச்சகத்தில் ஐந்நூறு ஆயிரம் பிரதி போட்ட புத்தகங்களுக்குப் பல சமயம் கிடைப்பதில்லை. எண் வாங்காமல், தேசிய நூலகத்துக்கு அனுப்பாமல், நண்பர்களுக்குள் விற்று முடிந்துபோன நூல்கள் அவை. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், தொழிற்சங்க மலர் எல்லாம் அப்படித்தான். நம் தாத்தா பாட்டியின் வரலாறு இருப்பது அவற்றில்தானே!

இதை முன்பே உணர்ந்து உழைத்த பெரியோர்கள் உண்டு. ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர், அதுவரை அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்தி 1865இல் சென்னையில் ஒரு பட்டியல் வெளியிட்டார். நம் நாட்டில், 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடமும் தமிழ் நூலகமும் வேண்டுமென்று, பெரும் பணக்காரர்களை மட்டும் நம்பாமல், சாதாரண மக்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. 1956இல் அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்தது. அந்தப் பல்கலைக்கழக நூலகம்தான் 1969இல் இராம. சுப்பையா அவர்கள் தொகுத்த ஒரு பட்டியலை வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது. இன்று நம் இலக்கிய வரலாற்றை ஆராய்பவர்கள் அந்தப் பட்டியலைத் தொடாமல் போக முடியாது.

பட்டியல் எழுதுவது பெரிய காரியமா என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பாருங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் போயின. அந்த வேதனையைக் கண்ட சமூகத்தில்தான், 2005 முதல் தன்னார்வலர்கள் கூடி 'நூலகம்' என்ற இணைய நூலகத்தை வளர்த்து வருகிறார்கள். ஈழத்து நூல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு பதிவு. சின்னஞ்சிறு துண்டுப் பிரசுரத்துக்கும் அங்கே இடமுண்டு.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"நாங்கள் பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை அறுத்தவர்கள், இப்போது பேக்டரிக்குப் போகிறவர்கள். எங்களுக்கென்ன நூற்பட்டியல்?" என்று ஒதுங்க வேண்டாம். உங்களால் ஆவது நிறைய உண்டு.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். "நம் பள்ளியில் எத்தனை புத்தகம் இருக்கிறது? பட்டியல் இருக்கிறதா?" குற்றம் கண்டுபிடிக்கும் குரலில் அல்ல, கைகொடுக்கும் குரலில் கேளுங்கள். பட்டியல் இல்லையென்றால் நான்கு சனிக்கிழமை காலைகளைக் கொடுங்கள். படித்த பிள்ளை ஒருவர் எண்ணைப் படிக்க, ஒருவர் கணினியில் தேட, ஒருவர் பதிவைச் சரிபார்க்க, தாய்மார்கள் முதுகு கிழிந்த புத்தகத்தை ஒட்ட, சீட்டு ஒட்ட. கூட்டு வேலை நமக்குப் புதிதா என்ன?

புத்தகம் நன்கொடை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியோடு ஒரு பட்டியலும் கொடுங்கள். நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, ஐ.எஸ்.பி.என். எண். ஒரு தாள் போதும். அந்தத் தாள் ஆசிரியருக்கு ஒரு வாரத்து வேலையை மிச்சப்படுத்தும்.

சொந்தமாக மலரோ நூலோ வெளியிடும் சங்கங்களே, தேசிய நூலகத்தில் எண் வாங்குங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பிரதிகள் அனுப்ப வேண்டியது கடமையும்கூட. ஒரு தபால் செலவில் உங்கள் ஊர்ப் பெயர் நாட்டின் ஏட்டில் ஏறிவிடும்.

பள்ளி இடம் மாறும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். 1957இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்த நாடு இது. இன்று சுமார் 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சனங்கள் பட்டணத்துக்குப் போனார்கள், பள்ளிகள் மூடின, இணைந்தன, இடம் பெயர்ந்தன. நாற்காலி மேசைக்குக் கணக்கு எடுக்கிறோம். புத்தகத்துக்கு எடுத்தோமா?

ஒரு பச்சை அட்டை

என் கதையையும் சொல்லி முடிக்கிறேன். நான் சிறுவயதில் படித்தது ஒரு தோட்டப் பள்ளி. பெயர் வேண்டாம், பள்ளியும் இப்போது இல்லை. தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதிலிருந்து ஒரு புத்தகத்தை ஐயா எனக்குக் கொடுத்தார். ஓர் அனாதைப் பையன் கப்பலேறி வந்து மலாயாக் காட்டில் அப்பாவைத் தேடும் கதை. மண்ணெண்ணெய் விளக்கில் இரண்டு இரவு படித்தேன். அம்மா திட்டத் திட்டப் படித்தேன். புத்தகம் என்றால் என்ன என்று எனக்குச் சொன்ன புத்தகம் அது.

பள்ளி மூடியபோது அந்த அலமாரி எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியாது. சில தாள்கள் கடையில் கச்சான் மடிக்கப் போயின என்று ஒருவர் சொன்னார். பெரியவனான பிறகு அந்தப் புத்தகத்தை எத்தனையோ இடத்தில் தேடிவிட்டேன். பல்கலைக்கழகப் பட்டியலிலும் தேடினேன், தேசிய நூலகப் பட்டியலிலும் தேடினேன். ஆனால் எதை வைத்துத் தேடுவது? எழுதியவர் பெயர் நினைவில்லை. நூலின் பெயரும் நினைவில்லை. அட்டை பச்சை நிறம் என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. பச்சை அட்டை என்று சொன்னால் உலகத்தில் எந்தப் பட்டியலும் புத்தகத்தை எடுத்துக்கொடுக்காது.

அந்தப் பள்ளியில் அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் யாராவது வரிசையாக எழுதி வைத்து, அந்த நோட்டு மிஞ்சியிருந்தால், இன்று எனக்கு ஒரு வரி கிடைத்திருக்கும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் உலகம் முழுவதும் தேடியிருப்பேன்.

ஆகவே வாசகர்களே, அடுத்த முறை பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்குப் போகும்போது, அப்படியே வள மையத்தின் பக்கமும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். திறக்காத பெட்டி ஏதாவது மூலையில் கிடக்கிறதா? டீச்சரிடம், "இதுக்கு நான் என்ன உதவி செய்யலாம், டீச்சர்?" என்று கேளுங்கள். அந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒரு பிள்ளைக்கான பச்சை அட்டைப் புத்தகம் இருக்கும்.